என் வாய்க்கும் ஒரு குளிர்த்தி

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்த பிள்ளைகள் ஏழு பேர். ஐந்து பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். இரண்டு பேர் என் தங்கை கண்ணை மூடியபின் என் மடிக்கு வந்தவர்கள். வவுணதீவுப் பக்கம் வயலில் புல்லுப் பிடுங்கியும் வாவியில் இறங்கி இறால் பிடித்தும்தான் எல்லாரையும் வளர்த்தேன். ஒருவரையும் வெறும் வயிற்றோடு படுக்க விட்டதில்லை. அப்படிப்பட்ட எனக்கே ஒரு வைகாசி மாதம் சோறு தின்ன வழியில்லாமல் போனது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் சொல்கிறேன், என் பேத்தி எழுதுகிறாள். எழுத்தே தெரியாதவள் என்று நினைக்க வேண்டாம். என் பெயரை எழுதுவேன். பஸ்ஸின் பலகையைக் கூட்டி வாசிப்பேன். ஆனால் ஒரு சொல்லை நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்த சொல் ஆறிப்போய்விடும். ஆகவே அவள் புத்தகத் தமிழில் எழுதட்டும் என்று விட்டிருக்கிறேன். ஆட்கள் வாயால் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே எழுதச் சொன்னேன்.

போன வருடம் என் மார்பில் ஒரு கட்டி வந்தது. அந்தப் பக்க மார்பையே எடுத்தார்கள். பிறகு கையில் ஊசி போட்டு மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். மயிர் கொட்டும் என்றார்கள், கொட்டியது. வாய் புண்ணாகும் என்றும் சொன்னார்கள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. வாய்ப்புண் யாருக்குத்தான் வராது?

இரண்டாம் தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்த கிழமைதான் அது என்ன புண் என்று தெரிந்தது. உதட்டின் உள்பக்கம் தோல் உரிந்தது. நாக்கின் ஓரமெல்லாம் வெள்ளை படிந்து, சுற்றிவரச் சிவந்து கிடந்தது. எச்சிலை விழுங்கினால் காதுக்குள் குத்தியது. ஒரு சோற்றுப் பருக்கை பட்டால் சிப்பி ஓட்டால் கீறியது போல இருந்தது. நான் உறைப்புத் தின்று பழகியவள். என் மீன்கறியை வாயில் வைத்த மருமக்கள் எல்லாரும் முதல் நாள் தண்ணீர்ச் செம்பைத் தேடியவர்கள்தான். இப்போது ஆறிய தேத்தண்ணீர்கூட எனக்கு நெருப்பாக இருந்தது.

பக்கத்து வளவில் என் மச்சாள் இருக்கிறாள், என் கணவரின் தங்கை. கணவர் போய்ப் பல காலம். மச்சாள் எங்கேயும் போகவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறாள். நான் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு டோர்ச் லைட்டோடு வந்தாள்.

"வாயத் தொறகா பாப்பம்."

திறந்தேன். வெளிச்சம் பிடித்துப் பார்த்தவள் கையை எடுத்துத் தலைக்கு மேல் கும்பிட்டாள்.

"ஐயோ, இது புண்ணில்லகா. முத்து. அம்மாள் உன்ட வாய்க்குள்ள முத்துப் போட்டிருக்கா."

"இது மருந்தால வந்த புண் மச்சாள். ஆஸ்பத்திரியில முன்னுக்கே சொன்னவங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்? கோயில் கதவு தொறந்த கிழமை வந்திரிக்கு. உடம்பும் சுடுது. நீ கதைக்காமக் கிட. கதைச்சா அம்மாளுக்குக் கோவம் வரும்."

"கதைச்சா எனக்கு நோகும். அதாலதான் கதைக்காமக் கிடக்கன்."

எங்கள் ஊர் அம்மாள் கோயில் வருடத்தில் ஒரு தடவைதான் திறக்கும், வைகாசியில். அந்தச் சடங்கு முடியும்வரை ஊரில் ஒரு வீட்டிலும் மச்சம் சமைக்க மாட்டார்கள். மீன், இறைச்சி, முட்டை எதுவும் இல்லை. கடைசி நாள் அம்மாளின் சூட்டைத் தணிக்கக் குளிர்த்தி செய்வார்கள். அந்த நாட்களில் யாருடைய உடம்பில் என்ன கொப்பளம் வந்தாலும் அது அம்மாளின் முத்துதான். சின்ன வயதில் எனக்கும் அப்படி வந்தது. அது உண்மையான முத்து, உடம்பு முழுக்க. இது வாய்க்குள் மட்டும் வந்த முத்து. மச்சாளிடம் வித்தியாசம் சொல்லிப் பார்த்தேன். ஏலாது.

எங்கள் வேலிக் கடப்படியில் வேப்பிலை கட்டினாள். குசினியில் எண்ணெய் தாளிக்கக் கூடாது என்றாள். முட்டையைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கும் போகக் கூடாது. நான் இருப்பது என் கடைசி மகளின் வீட்டில். அவள் என்னிலும் அம்மாளுக்குப் பயந்தவள். மச்சாள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். எனக்குக் கிடைத்தது இளநீரும் கஞ்சித்தண்ணீரும். வாய்க்கு இதமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயிறு தண்ணீர்க்குடம் போல ஆனதே தவிர உடம்பில் ஒன்றும் ஒட்டவில்லை. சட்டை தோளிலிருந்து வழுகியது. வளையல் முழங்கைவரை ஓடியது.

கிளினிக் நாள் வந்தது. நான் சேலை உடுத்து நின்றேன். மச்சாள் கடப்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாள் இரிக்கிற உடம்ப வெளிய கொண்டு போகப்படா."

"அப்ப அம்மாளையும் ஆட்டோவில ஏத்துகா. அவவும் ஒருக்காப் போய் டவுனப் பாக்கட்டும்."

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். மச்சாள் அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். மகள் தலையைக் குனிந்துகொண்டு என் பக்கத்தில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் நிறை பார்த்தார்கள். பார்த்த பிள்ளை முகத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் ஏறச் சொன்னாள். ஏறினேன். அதே நிறைதான். டாக்டர் இளம் ஆள், மரியாதையானவர். என் வாயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அம்மா, அடுத்த முறையும் நிறை குறைஞ்சா மருந்து ஏத்த ஏலாது. மூக்கால குழாய் விட்டுத்தான் சாப்பாடு தர வேண்டி வரும்."

"என்ட மூக்கு மூக்குத்திக்கு மட்டும்தான் ஐயா."

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப வாயால சாப்பிட்டுக் காட்டுங்க" என்றார். "காட்டுறன்" என்றேன்.

குழாயைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அதுதான் உயிரைப் பிடித்து வைக்கும் என்று பிறகு தாதி விளங்கப்படுத்தினாள். ஆனால் என் கணவருக்கு அந்தக் குழாய் போட்ட நாளிலிருந்து அவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருக்கவேயில்லை. எனக்குத் தெரிந்த குழாய் அதுதான். ஏழு பேருக்குச் சோறு குழைத்து ஊட்டிய கை இது. இந்தக் கை சும்மா மடியில் கிடக்க, ஒரு போத்தலிலிருந்து என் வயிற்றுக்குள் சாப்பாடு இறங்குவதா? நான் விடமாட்டேன் என்று அந்தக் கதிரையில் இருந்தபடியே முடிவெடுத்தேன்.

டாக்டர் என்னை மருந்து ஏற்றுகிற அறைத் தாதியிடம் அனுப்பினார். அவளை எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். என் பேத்தியிலும் கொஞ்சம்தான் மூத்தவள். வேப்பிலைக் கதையைக் கேட்டு ஏசினாள்.

"உடம்பு சுட்டா அண்டைக்கே இஞ்ச வரணும் அம்மா. இந்த மருந்து ஏத்தின உடம்புக்குக் காய்ச்சல் விளையாட்டில்ல. வேப்பிலையக் கட்டிட்டு இரிக்கிறதா?"

ஏசி முடித்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லித் தந்தாள். கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுச் சாப்பிட முன்னும் பின்னும் கொப்பளிக்க வேண்டும். கட்டின பல்லைக் கழற்றி வைத்துவிட வேண்டும். தின்பதற்குச் சற்று முன்னால் புண்ணில் பூச ஒரு மருந்தும் தந்தாள், அது வாயை மரக்கச் செய்யும். சூடாக எதுவும் வேண்டாம், உறைப்பு, புளி வேண்டாம், தேசிக்காய்ப் புளியும் வேண்டாம், மொறுமொறுப்பு வேண்டாம். ஒரேயடியாகத் தின்ன முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை.

"கஞ்சித்தண்ணி மட்டும் குடிச்சாப் புண் ஆறாது. மீன், முட்டை, பருப்பு, பால், இதெல்லாம் உள்ள போகணும். நல்லா அவிச்சி, மசிச்சி."

"மீனா? ஊரில சடங்கெல்லோ நடக்குது."

"சடங்கு ஊருக்கு அம்மா. உங்கட புண்ணுக்கு ஆரு சடங்கு வெச்ச?"

பக்கத்துக் கதிரையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த பெண் இதைக் கேட்டுச் சிரித்தாள். ஏறாவூர் முஸ்லிம் பெண், என்னைவிட இளையவள். எனக்கு முன்னமே இந்தப் பாடு பட்டவள்.

"என்னக்கா, வாய் வெந்து போச்சா? எனக்கும் வந்த. வட்டிலப்பத்தாலதான் நான் தப்பின. முட்டையும் தேங்காப்பாலும் சக்கரையும் அடிச்சி அவிச்சி, நல்லா ஆற வெச்சித் தின்னுங்க. பல்லும் வேணா, நாக்கும் வேணா. தன்ட பாட்டில வழுக்கிப் போகும்."

திரும்பி வரும்போது பாலத்தடியில் ஆட்டோவை நிற்பாட்டச் சொன்னேன். அங்கே மீன் விற்பார்கள். பால்சுறாக் குட்டி ஒன்று கேட்டேன். பிள்ளை பெற்ற பெண்களுக்கு நாங்கள் பத்தியத்துக்குக் கொடுக்கிற மீன் அது. முள் இல்லை, பஞ்சு மாதிரி மசியும்.

"அம்மா, சடங்கு!" என்று மகள் என் கையைப் பிடித்தாள்.

"குழாயா, சுறாவா? நீ சொல்லு."

அவள் என் கையை விட்டாள். மீன் பையை என் மடியில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன்.

வீட்டுக் கடப்படியில் வேப்பிலை வாடித் தொங்கியது. கையை உயர்த்தி அறுத்து எடுத்தேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் வேப்பிலையை எறியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கோயில் இருக்கிற திசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"அம்மாளே, நீ ஒரு மாரத் திருகி எறிஞ்சி ஊர எரிச்சவ. எனக்கும் ஒரு மார் இல்ல. உனக்கு எரிஞ்சதுக்கு இந்த ஊரே வருசா வருசம் குளிர்த்தி செய்யிது. எனக்கு எரியிது. என்ட குளிர்த்திய நானே செய்யிறன். கோவம் எண்டா என்னோட வெச்சிக்க, என்ட பிள்ளையோட வெச்சிக்காத."

மகள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, "குசினிக்குள்ள மட்டும் வேணாம் அம்மா" என்றாள். அது நியாயம். அவளுடைய குசினி, அவளுடைய விரதம். கிணற்றடியில் மூன்று கல் வைத்தேன். பழைய சட்டி ஒன்றைத் தேடி எடுத்தேன்.

சுறாவை அவித்துத் தோலை உரித்து விரலால் உதிர்த்தேன். பச்சை மிளகாய் இல்லாமல், மிளகு இல்லாமல், மஞ்சள் மட்டும் ஒரு துளி போட்டுத் தேங்காய்ப்பால் சொதி வைத்தேன். இறக்கினேன். சொதியை இறக்கினால் இந்தக் கைக்கு அடுத்த வேலை தேசிக்காய் பிழிவது. ஐம்பது வருடமாக அதுதான் வேலை. மனது மறந்தாலும் கை மறக்காது. கிணற்றடி மரத்திலிருந்து ஒன்றைப் பறித்துப் பிழிந்தே விட்டேன். ஆற வைத்து, வாயை மரக்கச் செய்து, ஒரு கரண்டி உள்ளே விட்டேன்.

மரப்பு மருந்தாவது மண்ணாவது! நின்ற இடத்தில் துள்ளினேன். கரண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மச்சாளின் தலை வேலிக்கு மேலே வந்தது.

"பாத்தியாகா! அம்மாள் காட்டிட்டா!"

"அம்மாளில்லகா, தேசிக்காய்!"

"மச்சம் மணக்குது. சடங்கு நாளில மச்சம்! உனக்கு வயசு போனதுதான், புத்தி வரல்ல."

"மணந்தா மூக்கப் பொத்து. என்ட மூக்குக்கு வரப்போறதுக்கு உன்ட மூக்குக்கு மணக்கிறது பெரிசில்ல."

இதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. குழாய் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் தலை மறைந்தது.

அந்தச் சட்டிச் சொதியைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினேன். மீதி மீனில் மறுபடி வைத்தேன். இந்தத் தடவை கையை முந்தானையில் சுற்றிக்கொண்டே அடுப்படியில் இருந்தேன். சோற்றைக் குழைய அவித்து, சுறாவையும் சொதியையும் போட்டுக் கரண்டியின் முதுகால் மசித்தேன், பல் முளைக்காத பிள்ளைக்கு மசிப்பது போல. பிறகு ஆறும்வரை காத்திருந்தேன். சுடுசோறு தின்று வளர்ந்தவளுக்கு அந்தக் காத்திருப்புத்தான் புண்ணிலும் பெரிய தண்டனை. கோப்பையின் அடியைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஆறியது. என் வாயில் இடது பக்கக் கன்னத்தில் புண் குறைவு. அந்தப் பக்கமாகச் சின்னக் கரண்டியால் விட்டுத் தலையைச் சாய்த்து விழுங்கினேன். நொந்தது. ஆனால் போனது. இன்னொரு கரண்டி. அதுவும் போனது. வேலியில் ஒரு காகம் வந்து, நான் மிச்சம் வைப்பேன் என்று நெடுநேரம் காத்திருந்தது. வைக்கவில்லை. கோப்பையை வழித்தேன். காகம் பறந்துபோனது.

அதன் பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை, தின்பதுதான் வேலை. ஏறாவூர்க்காரி போனில் சொல்லச் சொல்ல மகள் வட்டிலப்பம் அவித்தாள். அவள் முட்டை உடைத்தது எங்கே தெரியுமா? கிணற்றடியில்தான், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. முதல் தடவை பொங்கி மேலே வந்து ஓட்டை ஓட்டையாக நின்றது. "நெருப்பக் கொறைங்க புள்ள, அது வட்டிலப்பம், வாணவேடிக்கையில்ல" என்று போனுக்குள் சத்தம் கேட்டது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. வாயில் வைத்ததும் அது கரைந்து இறங்கியபோது, நோகாமல் ஒரு வாய்ச் சாப்பாடு எப்படி இருக்கும் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

மருமகன் எருமைப்பால் கொண்டுவந்தார். மகள் அதை நன்றாகக் காய்ச்சி வீட்டிலேயே தயிருக்கு உறைய வைத்தாள். புளிக்க முன்னம், அன்றைக்கன்றே தின்றால் வாய்க்கு இதம். ஒரு நாள் பிந்தினாலும் குத்தும். பயறு அவித்துத் தேங்காய்ப்பாலில் கரைத்துக் குடித்தேன். இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டுக் கூழாக்கினேன். வாழைப்பழம் ஒரு நாள் ஒத்துக்கொண்டது, மறுநாள் கூசியது. கூசினால் அதோடு சண்டை பிடிக்காமல் வேறொன்றுக்குப் போனேன். ஸ்ட்ரோவால் உறிஞ்சிப் பார்த்தேன், புண்ணில் படாமல் உள்ளே போனது. பேக்கரிப் பாண் தோல் என்னை வென்றது. அதைப் பாலில் நனைத்து நான் வென்றேன்.

எல்லா நாளும் வீரம் இல்லை. ஒரு நாள் ஒரு கரண்டிகூட இறங்காமல் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தேன். மகள் வந்தாள். கோப்பையை மூடி வைத்துவிட்டு, தலைமாட்டில் உப்புத்தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள். வெயில் தாழ்ந்தபோது எழும்பிக் கொப்பளித்தேன். அந்தச் சோற்றைக் குழியில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் மசித்துத் தின்றேன்.

குளிர்த்தியன்று நான் கோயிலுக்குள் போகவில்லை. மச்சம் தின்ற உடம்பு. அந்த மரியாதை எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் மச்சாள் குளிர்த்தித் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்தாள். கக்கத்தில் ஒரு வெள்ளரிப்பழம் வேறு. அந்த நேரம் நான் வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்தேன். எதிரே வந்து இருந்தாள்.

"குழாய் போடப் போறாங்களாமே. நீ ஏங்கா எனக்குச் சொல்லல்ல?"

"நீ வேப்பிலையோட வந்தாய். கேக்கவா வந்தாய்?"

வெள்ளரிப்பழத்தைக் கீழே வைத்தாள். பிறகு செம்பை நீட்டினாள். "குடி."

"கொதிச்சாறாத தண்ணி குடிக்கப்படா எண்டு மிஸ் சொன்னவ."

"அம்மாளுட தண்ணிக்குமா கொதிக்க வேணும்?"

செம்பை வாங்கினேன். தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி இரண்டு கன்னத்திலும் வெளிப்பக்கமாக அப்பினேன். கழுத்தில் பூசினேன். மார்பு இருந்த இடத்தில் கொஞ்சம் தடவினேன். வேப்பிலையும் கமுகம்பூவும் மணந்த குளிர்ந்த தண்ணீர். நன்றாக இருந்தது.

"இப்பவும் சொல்லுறன், அது முத்துதான்" என்றாள் மச்சாள். "நீ தின்ட தீனுக்கு அம்மாளே பயந்து இறங்கிட்டா."

"அப்பிடியே வெச்சிக்க."

வெள்ளரிப்பழத்தை அவளே கொதித்தாறிய தண்ணீரில் கழுவி வெட்டி, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டு மசித்துத் தந்தாள். குறை சொல்லக்கூடாது, நன்றாகத்தான் மசித்தாள்.

அடுத்த கிளினிக்கில் நிறை பார்க்கிற பலகையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். செருப்பு நிறை காட்டி வென்றாள் என்று யாரும் சொல்லக்கூடாது. அந்தப் பிள்ளை பார்த்தாள். மறுபடியும் ஏறச் சொல்லவில்லை. "ஏறியிரிக்கு அம்மா" என்றாள், "கொஞ்சம்தான், ஆனா ஏறியிரிக்கு." டாக்டர் வாயைப் பார்த்தார். புண் முழுக்க ஆறவில்லை, ஓரங்கள் ஆறிவந்தன. என் மூக்கைப் பார்த்து, "மூக்குத்தி தப்பிச்சிது" என்றார். அன்றைக்கு மருந்து ஏற்றினார்கள்.

பிறகும் புண் வந்தது. ஒவ்வொரு தடவையும் வந்தது. வரட்டும். நான் இப்போது அதற்கு முன்னமே சுறாவை வாங்கிவிடுவேன். மருந்து ஏற்ற வாங்குப் பலகையில் இருந்து காத்திருக்கிற பெண்கள் சிலர் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, சாப்பிடாமல் பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள். பொறுப்பது ஒரு பெருமை என்று நினைக்கிறார்கள். மிஸ் என்னைக் கூப்பிட்டு, "நீங்க தின்ட கதைய இவங்களுக்குச் சொல்லுங்க அம்மா" என்றாள். ஒவ்வொருவருக்கும் சொல்ல என் வாய்க்குப் பலம் காணாது. அதனால்தான் எழுதி அந்த வாங்கில் வைக்கச் சொன்னேன். பொறுக்க வேண்டாம் பிள்ளைகளே. மிஸ்ஸிடம் கேளுங்கள், மசியுங்கள், ஆற வையுங்கள், தின்னுங்கள்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்: "அம்மம்மா, சடங்கு நாளில மீன் தின்டத எடுத்து விடட்டா? மாமி கேட்டா ஏசுவா."

தாய் கூப்பிடுவது போல மாமி என்று அவளும் சொல்வது என் மச்சாளைத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் விளக்குமாற்றுச் சத்தம் கேட்கிறது. மச்சாள் முற்றம் கூட்டுகிறாள்.

ஒன்றையும் எடுக்காதே புள்ள. முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. சுறா வருகிற இடத்தில் மட்டும் குரலைக் கொஞ்சம் உயர்த்தி வாசி.